அலிகேட்டர் வாழும் நீரில் இறங்குகிறவர்களுக்கு: துப்பாக்கியும் தோட்டாவும் தேர்ந்தெடுப்பது எப்படி

ஃபுளோரிடாவில் டாம்பாவுக்கு அருகில் புது வீடு வாங்கிக் குடியேறிய ஒரு தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, வீட்டுக்குப் பின்னால் குளம் இருக்கிறது. இன்றைக்குக் கரையில் ஒரு அலிகேட்டர், இந்த ஊர் முதலை, படுத்திருந்தது. பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். எந்தத் துப்பாக்கி வாங்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்டார். நான் அவரைத் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன விசா?" என்பதுதான். எச்-1பி என்றார்.

அங்கேயே பேச்சை நிறுத்தினேன். குடியேற்றம் சாராத விசாவில், அதாவது எச்-1பி, எல்-1, எஃப்-1, பி-2 போன்றவற்றில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அந்த விதிவிலக்கை நம்பிக் கடைக்குப் போவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் பச்சை அட்டைக்காரரையே நாடு கடத்த முடியும். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பாவின் கையில் "சும்மா பிடித்துப் பாருங்கள்" என்று துப்பாக்கியைக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பச்சை அட்டை உள்ளவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் வாங்கலாம். ஃபுளோரிடாவில் வாங்குவதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

நான் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். கொள்ளிடக் கரையில் வெயில் காயும் முதலைகளைப் பார்த்து வளர்ந்தேன். மாட்டைக் குளிப்பாட்ட எந்தத் துறையில் இறங்கலாம், எந்தத் துறையில் இறங்கக் கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது நடு ஃபுளோரிடாவில், கிசிம்மி ஆற்றுப் படுகையில், பதினாறு ஆண்டுகளாகச் சதுப்பு நில எல்லை குறிக்கும் வேலை செய்கிறேன். ஓரிடத்தில் வீடோ சாலையோ வருவதற்கு முன், அங்கே சதுப்பு எங்கே முடிகிறது, மேட்டு நிலம் எங்கே தொடங்குகிறது என்று மண்ணையும் செடியையும் பார்த்துக் கொடி நட வேண்டும். இடுப்பளவு நீரில், தலைக்கு மேல் வளர்ந்த கோரைக்குள், தனியாக நடக்கிற வேலை. நான் துப்பாக்கி வைத்திருப்பது இதற்காகத்தான். வீட்டுக் குளத்துக்காக இல்லை.

வீட்டுக் குளத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபுளோரிடாவின் 67 கவுண்டிகளிலும் அலிகேட்டர் உண்டு. மொத்தம் ஏறத்தாழ 13 லட்சம் இருக்கும் என்பது மாநில வனவிலங்கு ஆணையத்தின் மதிப்பீடு. குளம் இருந்தால் ஒரு நாள் அது வரும். உரிமம் இல்லாமல் அதைக் கொல்வது மாநிலச் சட்டப்படி மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். ஐந்தாண்டு வரை சிறை உண்டு. கரையில் படுத்திருக்கிற ஒன்றைச் சுட்டுவிட்டு "பயந்துவிட்டேன்" என்று சொன்னால் எடுபடாது. குடியிருப்புப் பகுதியில் துப்பாக்கி வெடிப்பதற்குத் தனி வழக்கும் வரும். நான்கு அடியோ அதற்கு மேலோ நீளம் இருந்து, ஆட்களுக்கோ வளர்ப்புப் பிராணிகளுக்கோ ஆபத்து என்று நீங்கள் நினைத்தால் 866-392-4286 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஆணையம் தன் ஒப்பந்தப் பிடிப்பாளரை அனுப்பும். உங்களுக்குச் செலவு கிடையாது. பிடிபட்டதைப் பெரும்பாலும் வேறிடத்தில் விடுவதில்லை, கொன்றுவிடுவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு அழையுங்கள். நாயை நீரோரம் அழைத்துப் போகாதீர்கள், அந்தி சாய்ந்த பின் கரைக்குப் போகாதீர்கள், மீன் கழிவையோ சோற்றையோ குளத்தில் கொட்டாதீர்கள். உணவு போட்டுப் பழக்கிய அலிகேட்டர்தான் மனிதரைக் கண்டால் கிட்டே வருகிறது. அதற்கு உணவு போடுவதும் சட்டவிரோதம்தான். அந்தத் தம்பி அன்றே அந்த எண்ணுக்கு அழைத்தார், குளக்கரையில் வேலியும் போட்டார். அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

இனி எழுதுவது என்னைப் போல நீரில் இறங்கியே ஆக வேண்டியவர்களுக்கு: நில அளவையாளர்கள், கால்வாய் பராமரிப்பவர்கள், நீரில் நின்று தூண்டில் போடுகிறவர்கள், சிறு படகில் இரவு தங்குகிறவர்கள்.

ஃபுளோரிடாவில் அலிகேட்டர் தானாக வந்து கடித்து, மருத்துவச் சிகிச்சை தேவைப்படும் நிகழ்வுகள் ஆண்டுக்குச் சராசரியாக எட்டு. இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநிலத்தில் எட்டு. ஆகவே துப்பாக்கி என்பது கடைசிப் பூட்டு. கண்ணும் இடைவெளியும்தான் முதல் பூட்டு. அறுபது அடி இடைவெளியாவது வேண்டும். நீரில் தலை மட்டும் தெரியும்போது உடல் எவ்வளவு பெரியது என்று கணக்கிட ஒரு வழி உண்டு: கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையே எத்தனை அங்குலமோ, உடல் ஏறத்தாழ அத்தனை அடி. எட்டு அங்குலம் என்று பட்டால் நான் அன்றைக்கு அந்தப் பக்கம் கொடி நடுவதில்லை, மறுநாள் போகிறேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை இணை தேடி அலையும் காலம். ஜூன் கடைசியிலிருந்து கூடு.

அந்தக் கூடுதான் எனக்குப் பாடம் சொன்னது. ஒரு ஜூலை மாதம், ஹாட்சினேஹா ஏரியின் தென்கரை. தொடைக்கு மேல் நீர். கோரையை விலக்கிக்கொண்டு நடந்தபோது எதிரே அழுகிய புல்லும் சேறும் குவித்த ஒரு மேடு, எருக்குவியல் போல, என் மார்பு உயரத்துக்கு. அது என்னவென்று மனத்தில் படுவதற்குள் இடப்பக்கத்தில் பிரஷர் குக்கரில் ஆவி இறங்குகிற மாதிரி ஒரு சீறல். தாய் அலிகேட்டர். வாயைத் திறந்து, உடம்பை உப்பவைத்து, என்னிடமிருந்து பத்தடிகூட இல்லாத தூரத்தில் நின்றது. கை தானாக இடுப்புக்குப் போனது. உறையில் துப்பாக்கி இருந்தது. ஆனால் உறை நீருக்குள் இருந்தது. உறையின் பட்டையைச் சேறு அடைத்துக்கொண்டு பிடித்திருந்தது. இரண்டு முறை இழுத்தேன், வரவில்லை. அலிகேட்டரைப் பார்த்தபடியே ஒரு காலுக்குப் பின் ஒரு கால் வைத்துப் பின்னோக்கி நடந்தேன். அது கூட்டை விட்டு ஒரு கஜம்கூட வரவில்லை. அதற்கு வேண்டியது நான் போக வேண்டும் என்பதுதான். கரையேறி உட்கார்ந்தபோது, என்னிடம் இருந்த துப்பாக்கி, தோட்டா, உறை மூன்றுமே தவறானவை என்று புரிந்தது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வாங்கியவை. அன்றிரவு தொடங்கி ஓர் ஆண்டு முழுக்க இதைப் படித்தேன், பழகினேன், ஆட்களைக் கேட்டேன்.

முதலில் எதைச் சுடுகிறோம் என்று தெரிய வேண்டும். ஓர் ஒப்பந்தப் பிடிப்பாளரின் கொட்டகையில், பத்தடிக்கு மேல் நீளம் இருந்த ஓர் அலிகேட்டரின் மண்டையோட்டை நெடுக்காக இரண்டாக அறுத்து வைத்திருந்தார். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேற்புறம் முழுக்க எறும்புப் புற்று மண்போலக் குழி குழியாக, இரும்பாக இறுகிய எலும்பு. முன்பாதி முழுவதும் தாடையும் பல்லும் மூக்குக் குழாயும்தான். மூளை இருந்த இடம், கண்களுக்கும் பின்னால், அடியில், என் சுண்டுவிரல் நுழைகிற ஒரு பொந்து. அவ்வளவுதான். "முகத்தில் எங்கே சுட்டாலும் இதைத் தொடாது" என்றார் அவர். தாடையில் பட்டால் அதற்குக் காயம், உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. உடலில் சுட்டாலும் அப்படித்தான். முதுகுச் செதிலுக்கு அடியில் எலும்புத் தகடுகள் உண்டு. நெஞ்சில் பட்டாலும் ஊர்வனவற்றுக்கு உயிர் மெதுவாகத்தான் போகும். பிடித்த பிடியை விட வைக்க மூளையையோ, மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் முதுகுத் தண்டையோ அடித்தாக வேண்டும்.

அடையாளம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குச் சற்றுப் பின்னால் நீளவாக்கில் ஒரு தோல் மடிப்பு இருக்கும், அதுதான் காது. இரண்டு காது மடிப்புகளுக்கும் நடுவே கீழே மூளை. பக்கவாட்டில் என்றால் காது மடிப்பை நோக்கி. மேலிருந்து என்றால், தலையின் தட்டையான பலகை முடிகிற விளிம்புக்குப் பின்னால், நடுக்கோட்டில். நேர் எதிரே இருந்து சுட்டால் சாய்ந்த எலும்பில் குண்டு வழுக்கிப் போகும் வாய்ப்பு அதிகம்.

இதிலிருந்தே துப்பாக்கியைப் பற்றிய தேவைகள் மூன்று பிறக்கின்றன. தடித்த எலும்பை ஊடுருவிப் போக வேண்டும். நனைந்த பிறகும், சேறு பட்ட பிறகும் வெடிக்க வேண்டும். ஒரு கையால், உடலோடு ஒட்டி வைத்துச் சுட முடிய வேண்டும். மூன்றாவதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. அலிகேட்டர் தாக்குதல் என்பது எதிரே ஓடி வருகிற மிருகத்தைக் குறிபார்ப்பது இல்லை. நீருக்குள்ளிருந்து எழும், கவ்வும், உருளும். நீங்கள் சுடும் நேரம் வந்தால் அப்போது உங்கள் ஒரு கையோ காலோ அதன் வாயில் இருக்கும்.

அதனால்தான் பிஸ்டலை விட்டு ரிவால்வருக்கு மாறினேன். பெரும்பாலான பிஸ்டல்களில் குழலின் முனையை எதன் மீதாவது அழுத்தினால் மேற்பகுதி சற்றே பின்னால் நகர்ந்துவிடும். நகர்ந்தால் விசையை இழுத்தும் வெடிக்காது. ஒரு முறை வெடித்தாலும், அடுத்த தோட்டா ஏறாமல் சிக்கிக்கொள்ளலாம். ரிவால்வரை அழுத்தி வைத்தே சுடலாம். தோட்டாக்கள் அடங்கிய உருளை சுழல இடம் இருந்தால் போதும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றாலும் மீண்டும் விசையை இழுத்தால் அடுத்தது வந்துவிடும், இரண்டாவது கை தேவையில்லை.

நான் வைத்திருப்பது .357 மேக்னம், நான்கு அங்குலக் குழல், துருப்பிடிக்காத எஃகு. ரூகர் ஜிபி100, ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 686 இரண்டும் இந்த வகை. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. கடையில் கையில் எடுத்ததும் "கனமாக இருக்கிறதே" என்று தோன்றும். சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதையை அந்தக் கனம்தான் வாங்கிக்கொள்கிறது. இதே தோட்டாவைச் சுடும் இலகுரகக் குட்டி ரிவால்வர்களும் விற்கிறார்கள். ஒரு முறை சுட்டால் உள்ளங்கை எரியும். வலிக்கிற துப்பாக்கியை யாரும் பழகுவதில்லை. என் கை சிறியது. பிடியை மெல்லிய ரப்பர் பிடியாக மாற்றிக்கொண்ட பிறகுதான் விரல் விசையில் முழுமையாகப் படிந்தது. வாங்குவதற்கு முன், காலித் துப்பாக்கியைக் கடைக்காரரின் அனுமதியோடு ஒரு கையில் பிடித்து விசையை ஐந்து முறை தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். ஐந்தாவது முறை முனை ஆடுகிறது என்றால் அது உங்களுக்கு இல்லை. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். பழகுவதற்கு அது மென்மை, விலையும் குறைவு.

.44 மேக்னம் இதைவிட வலிமையானது. தோள் வலிமையும் பழக்கமும் உள்ளவர்கள் எடுக்கலாம். எனக்கு இரண்டாவது குண்டு சரியான இடத்துக்குப் போகவில்லை, அதனால் விட்டுவிட்டேன். ஏற்கெனவே பிஸ்டலில் கை தேர்ந்தவர்களுக்கு 10 மி.மீ. நல்லது. குளோக் 20 இந்தப் பகுதியில் பலரிடம் இருக்கிறது. மேலே சொன்ன அழுத்திச் சுடும் குறை அதற்கும் உண்டு. முனையை ஒரு விரற்கடை விலக்கிப் பிடிக்கப் பழகியாக வேண்டும். 9 மி.மீ. மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் சரியான தோட்டாவோடு அதையே எடுத்துப் போங்கள். தோட்டாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சிறிய தோட்டாவான .22 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். லூசியானா சதுப்புகளில் அலிகேட்டர் வேட்டைக்காரர்கள் .22 ரைஃபிளால் ஒரே குண்டில் கொல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வரும் கேள்வி அது. அங்கே அலிகேட்டர் இரவே தூண்டில் கொக்கியில் மாட்டிக்கொண்டது. ஒருவர் கயிற்றை இழுத்துத் தலையை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார், மற்றவர் கைநீளத் தூரத்தில் அந்தப் பொந்து இருக்கும் இடத்தைத் தேடிச் சுடுகிறார். அது தொழில். அசைகிற தலையில், பதறுகிற கையோடு, .22 உங்களுக்கு அந்த இடத்தைத் தேடிக் கொடுக்காது. போதாததற்கு .22 தோட்டா மற்ற தோட்டாக்களைவிட அதிகமாக வெடிக்காமல் போகும் வகை. பாம்புக்காக விற்கும், சிறு மணிகளாகச் சிதறும் ரவைத் தோட்டாவும், .410 ரவை போடும் ரிவால்வரும் இதற்கு அறவே கூடாது. அந்த ரவை எலும்பைத் துளைக்காது.

12 கேஜ் ஷாட்கன் (ஊரில் 12 போர் என்போம்) தடுத்து நிறுத்துவதில் கைத்துப்பாக்கிகள் எல்லாவற்றையும் விட மேல். மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 போன்ற, கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை எளிமையானது. உப்புநீர்ப் பக்கம் என்றால் மாஸ்பெர்க் 590 மாரினர் துருவைத் தாங்கும். ஆனால் அதற்கு இரண்டு கை வேண்டும், நீரில் நடக்கும்போது அது தோளில் தொங்கிக் கோரையில் மாட்டும். படகிலும் முகாமிலும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் போட வேண்டியது ஸ்லக் எனப்படும் ஒற்றைக் குண்டு, ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம். பறவை ரவை வேண்டாம். வேட்டைக்காரர்கள் கோல் நுனியில் தோட்டா பொருத்தித் தலையில் குத்தி வெடிக்கும் ஒரு கருவியும் உண்டு. ஃபுளோரிடாவின் வேட்டைப் பருவத்தில், கயிற்றில் பிடித்த அலிகேட்டர் மீது உரிமத்தோடு பயன்படுத்துவது. தற்காப்புக்கு அதை நம்பி நடக்க முடியாது.

இனித் தோட்டா. நான் செய்த பெரிய தவறு இங்கேதான். கடைக்காரர் எனக்குக் கொடுத்தது குழிமுனைக் குண்டு. மனிதர்களிடமிருந்து காத்துக்கொள்வதற்கு அதுதான் சரி என்பார்கள். பட்டவுடன் முனை விரிந்து, சீக்கிரம் நின்றுவிடும். பின்னால் இருப்பவருக்குப் பாதிப்பு குறையும். நமக்கு வேண்டியது நேர் எதிரானது. விரியாமல், உடையாமல், நேராக உள்ளே போக வேண்டும். நான் இப்போது போடுவது கடின ஈயக் குண்டு, 158 கிரெய்ன், ஏறத்தாழ 10 கிராம். முனை உருண்டையாக இல்லாமல் வெட்டி எடுத்ததுபோலத் தட்டையாக இருக்கும். சாய்ந்த எலும்பில் உருண்டை முனை வழுக்கப் பார்க்கும், தட்டை முனையின் விளிம்பு பற்றிக்கொள்ளும். .44க்கு 240 கிரெய்ன், 10 மி.மீ.க்கு 200 கிரெய்ன், இதே கடின ஈயத்தில் கிடைக்கிறது. 9 மி.மீ. என்றால் முழு உலோகப் பூச்சுள்ள 147 கிரெய்ன் தட்டைமுனை. பிஸ்டலில் போடுவதற்கு முன் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள், சில பிஸ்டல்களில் தட்டைமுனை ஏறாமல் சிக்கும்.

பெட்டியை வாங்கும்போது தோட்டாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கும் சிறு வட்டத்தைச் சுற்றி நிறமுள்ள அரக்குக் கோடு இருந்தால் நீர் புகாமல் அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். நிக்கல் பூசிய வெள்ளைத் தோட்டாக் கூடு பித்தளையைவிட ஈரத்தைத் தாங்கும். இருபது தோட்டா கொண்ட இந்தப் பெட்டி, ஐம்பது சாதாரணத் தோட்டாவை விட விலை கூடியது. பழக்கத்துக்குச் சாதாரணம், நீரில் இறங்கும்போது இது. ஆனால் இதிலும் இரண்டு சுற்றாவது சுட்டு, எங்கே படுகிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

உறையைப் பற்றி ஒரே சொல்: மார்பில். இடுப்பில் கட்டியிருந்ததால்தான் அன்று என் துப்பாக்கி சேற்றுக்குள் இருந்தது. தோளிலும் முதுகிலும் பட்டை போட்டு மார்புக்கு நடுவில் சாய்வாக அமரும் உறைகளைக் கரடிப் பகுதிகளில் மீன் பிடிப்பவர்கள் அணிகிறார்கள். அதையே வாங்குங்கள். இரண்டு கைக்கும் எட்டும். விசையை முழுவதும் மூடியிருக்க வேண்டும். கோரை உள்ளே நுழைந்து விசையில் மாட்டிய கதைகளை இங்கே கேட்டிருக்கிறேன். குப்புற விழுந்து எழுந்தாலும் துப்பாக்கி நழுவாது என்பதை, காலித் துப்பாக்கியோடு வீட்டுப் புல்வெளியில் விழுந்து எழுந்து சோதித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி. என் இலக்கு காகிதத்தில் வரைந்த ஓர் எலுமிச்சம்பழ அளவு வட்டம். தூரம் ஏழு அடி. வலக்கையால் ஐந்து, இடக்கையால் ஐந்து. இடக்கைதான் முக்கியம், எந்தக் கை மிஞ்சும் என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாதம் ஒரு முறை போகிறேன். அதற்கு இடையில், துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மார்பு உறையிலிருந்து எடுக்கும் அசைவை மட்டும் பத்து நிமிடம் பழகுகிறேன். மறக்கக் கூடாத ஒன்று: அதன் வாயில் உங்கள் கால் இருக்கும்போது குழலின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறது? காது மடிப்பில் வைத்து, தாடையை நோக்கி அல்லாமல் எதிர்க் காதை நோக்கித் திருப்பி அழுத்தினால் குண்டு உங்கள் காலுக்குப் போகாது. ஒரு தலையணையைக் கணுக்காலில் கட்டி, காலித் துப்பாக்கியோடு இதைப் பழகினேன். பார்த்தவர்களுக்கு விநோதமாக இருந்திருக்கும். எனக்கு அவசியமாக இருந்தது.

நீரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். தட்டைக் கோணத்தில் நீர்ப்பரப்பில் பட்ட குண்டு, குளத்தில் நாம் எறிந்த ஓட்டுச்சில்லு போலத் தத்திக்கொண்டு வெகுதூரம் போகும். எதிர்க்கரையில் வீடும் படகும் இருக்கும். நீருக்குள் இருப்பதையும் சுடாதீர்கள், சில அடி நீரே குண்டின் வேகத்தைத் தின்றுவிடும். மேலிருந்து கீழாக, கிட்டத்தில், தலை வெளியே தெரியும்போது மட்டுமே. இரண்டாவது, நீரில் விழுந்து எடுத்த துப்பாக்கியின் குழலில் நீர் நிற்கும். அப்படியே சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் கூடும். முனையைக் கீழே சாய்த்து ஒரு நொடி வடியவிடுங்கள். நான் மண் துளைக்கும் கோலோடு சேர்த்து இதையும் ஒரு பழக்கமாக்கிக்கொண்டேன்: நீரிலிருந்து எடுத்தது எதுவானாலும் முதலில் கீழே சாய்ப்பது.

துப்பாக்கிக்கு எட்டாமலே அது கவ்விவிட்டால், சும்மா இருக்காதீர்கள். மூக்கிலும் கண்ணிலும் குத்துங்கள், விரலை விடுங்கள். பிடியைச் சரிசெய்துகொள்ள அது வாயைத் தளர்த்துகிற ஒரு கணம் வரும், அந்தக் கணத்தில் நீரிலிருந்து வெளியேறுங்கள். கரையில் என்றால் நேராக ஓடுங்கள். வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று சொல்வது தவறு, அது தரையில் நெடுந்தூரம் துரத்தும் மிருகம் இல்லை. காயம் சிறியதானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதன் வாயில் உள்ள கிருமி தையலைவிடப் பெரிய தொல்லை.

சுட நேர்ந்தால், அது அசையாமல் கிடந்தாலும் கிட்டே போகாதீர்கள். தலையில் குண்டு பாய்ந்த பிறகும் தாடை மூடும். தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தோலுக்கோ பல்லுக்கோ ஆசைப்படாதீர்கள். 911-க்கு அழையுங்கள், வனவிலங்கு ஆணையத்துக்கு நீங்களே சொல்லுங்கள். எவர்கிளேட்ஸ் போன்ற தேசியப் பூங்காவில் 2010 முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம், ஆனால் அங்கே சுடுவது தடைதான். தென்முனையில் அமெரிக்க முதலையும் வாழ்கிறது. கூர்மையான முகவாய், வாய் மூடியிருக்கும்போதும் தெரியும் கீழ்ப்பல், சாம்பல் நிறம். அலிகேட்டரின் முகவாய் அகன்று வளைந்திருக்கும், கருநிறம். அந்த முதலை கூட்டாட்சிப் பாதுகாப்பில் உள்ள இனம்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் நான் செய்வது இது. காலணியைக் கழற்றுவதற்கு முன்பே வாகனக் கொட்டகையில் துப்பாக்கியைத் திறந்து ஆறு தோட்டாக்களையும் எடுத்துத் துணியில் பரப்புகிறேன். உருளையையும் குழலையும் துடைத்து, எண்ணெய்த் துணியை ஒரு முறை ஓடவிடுகிறேன். நீரில் முழுகிய தோட்டாக்களை மறுநாளுக்கு வைப்பதில்லை. தனி டப்பாவில் போட்டு, அடுத்த பயிற்சியில் முதலில் அவற்றைச் சுடுகிறேன். பிறகு துப்பாக்கியைப் பூட்டு உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன். பதினாறு வயதுக்குக் கீழே பிள்ளைகள் எட்டக்கூடிய வீட்டில் தோட்டா போட்ட துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது ஃபுளோரிடாவில் சட்டம். எங்கள் வீட்டில் அதன் சாவி என் தாலிச் சங்கிலியில் கோத்திருக்கிறது.